மேசையை அறுக்கப் போகிறார்கள்

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். என் முட்டிவலியும் அவள் கோபமும் மட்டும் முன்னைப் போலவே இருக்கின்றன. நீயும் மருமகளும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு உடம்பைப் பார்த்துக்கொள்வீர்கள் என்று நம்புகிறேன். இனி விஷயம். நம் குடியிருப்பின் சாப்பாட்டுக் கூடத்தில் இருக்கும் நீள மேசையை இரண்டாக அறுக்கப் போகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை தச்சர் ரம்பத்தோடு வருகிறார். நீ உடனே புறப்பட்டு வந்து தடுக்க வேண்டும்.

காரணம் கேட்டால் சிரிப்பாய். அவரவருக்குத் தனி வீடு இருந்தாலும், முறைவைத்துச் சமைத்து ராத்திரி எல்லோரும் ஒன்றாகச் சாப்பிடுவது என்று குடிவந்தபோது செய்துகொண்ட ஏற்பாடு இன்னும் நடக்கிறது. ஆனால் முப்பது பேர் உட்காரும் மேசையில் இப்போது நாங்கள் ஒன்பது கிழங்கள்தான். பிள்ளைகளெல்லாம் வேலை, கல்யாணம் என்று பறந்துவிட்டீர்கள். இருந்தும் ஒருத்தரும் இடம் மாறி உட்காரவில்லை. எப்படி மாறுவது? நர்ஸம்மாவின் பக்கத்து நாற்காலிகள் அவள் பெண்களுடையவை. போஸ்ட்மாஸ்டருக்கு எதிரே அவர் சம்சாரம் இருந்த இடம். எனக்கும் அம்மாவுக்கும் நடுவில் உன் நாற்காலி. ஆக, ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து, உப்பு ஜாடிக்காகத் தொண்டை கிழியக் கத்துகிறோம்.

இன்னொரு ஜாடி வாங்கக் கூடாதா என்பாய். வாங்கினோமே! இரண்டும் நர்ஸம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிட்டன, அவளோ ரத்தக்கொதிப்பு இருக்கிறவர்களுக்குத் தரமாட்டேன் என்கிறாள், இங்கே அது இல்லாதவர் யார்? கெஞ்சிக் கூத்தாடி ஒன்றை வாங்கிய போஸ்ட்மாஸ்டர் அதை மேசைமேல் சறுக்கிவிட்டார், அது நேரே போய் பேங்க்காரரின் சூப்பைக் கவிழ்த்தது. சும்மா இருப்பேனா, டிரில் மாஸ்டராச்சே, பழைய விசிலைத் தேடி எடுத்துவந்தேன். ஒரு விசில் என்றால் உப்பு, ரெண்டு என்றால் தண்ணி. முதல் விசிலிலேயே பேங்க்காரர் தூக்கிவாரிப்போட்டுப் பல்செட்டைச் சூப்பில் விட்டுட்டார். அன்றைக்கே மனுஷன் கூட்டம் போட்டு, மேசையை அறுத்துப் பாதியைத் தூக்கிப் போட்டால் எல்லோரும் நெருங்கி உட்காரலாம் என்று தீர்மானம் நிறைவேற்றிவிட்டார்.

"எல்லாரும் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்தா போச்சேப்பா" என்று, நாங்கள் கத்திக் கத்திச் சாப்பிடுவதைக் கேட்டு ஒருமுறை நீ போனில் சொன்னாயே, அதை அப்படியே கூட்டத்தில் சொன்னேன். கெட்ட வார்த்தை பேசினவனைப் பார்ப்பது போல் பார்த்தார்கள். உன் அம்மா மட்டும், "முதல்ல நீங்க தள்ளி உட்காருங்க, பாப்போம்" என்றாள். நான் விசிலைத் துடைக்க ஆரம்பித்தேன். தச்சர் வந்து அளவெடுத்துச் சாக்பீஸ் கோடு போட்டார் பார், அது சரியாக உன் நாற்காலிக்கு நேரே விழுந்தது. அம்மா வைத்துக்கொள்ளும் பாதியில். நான் தூக்கிப் போடும் பாதியில்.

அந்த மேசையில் என்ன கூச்சல், என்ன கும்மாளம்! மேசைக்கு அடியில் புகுந்து பேங்க்காரரின் ஷூ லேசை நாற்காலிக் காலோடு கட்டிவிட்டாயே, மனுஷன் நாற்காலியோடு கைகழுவப் போனார். முட்டை வைத்தால் மஞ்சள் கருவை என் தட்டில் தள்ளிவிட்டு என் வெள்ளைக் கருவை எடுத்துக்கொள்வாய். சாப்பிட்டபடியே தூங்கிப்போவாய், எச்சில் கையோடு தோளில் போட்டுக்கொண்டு வருவேன், மறுநாள் சட்டைக் கறைக்கு அம்மாவிடம் எனக்குத்தான் திட்டு விழும். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்டா, முட்டை வைக்கிற அன்னைக்கு இப்பவும் என் கை தானா உன் பக்கம் போகுது. நாற்காலியில யாரும் இல்லை. அந்த இடத்தையும் அறுத்துட்டா நான் எங்கே பார்த்து உட்காருவேன்?

ஆகவே ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்துவிடு. மருமகளுக்கு என் அன்பு. கூப்பிட்டால் காதில் விழும் தூரத்தில் மனுஷர்களோடு நீங்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதிக்கும்,

உன் அப்பா

பின்குறிப்பு: கடிதத்தைத் தபாலில் போடுவதற்குள் எல்லாம் மாறிவிட்டது. காலியாகக் கிடந்த மூலைவீட்டுக்கு ஒரு பெரிய குடும்பம் வந்திருக்கிறது. நேற்று ராத்திரி, ஒன்றும் தெரியாமல், கண்ட கண்ட இடத்தில் உட்கார்ந்துவிட்டார்கள். ஒரு வாண்டுப் பெண் உன் நாற்காலியில் ஏறி உட்கார்ந்தது. நான் வாயைத் திறந்தேன். அம்மா முறைத்தாள். அதற்குள் அது, "தாத்தா, உப்பு வேணுமா? இந்தாங்க" என்று ஜாடியை நீட்டிவிட்டது. முட்டையை முழுசாக அதுவே தின்றது, எனக்கு ஒரு துண்டுகூட இல்லை. இனிப் பாதி மேசை பத்தாது என்று பேங்க்காரரே தச்சருக்குப் போன் பண்ணி வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீ அவசரமாக வர வேண்டியதில்லை. உன் நாற்காலியும் போய்விட்டது. இருந்தாலும் வா. நான் தள்ளி உட்கார்ந்துகொள்கிறேன்.