மாப்பிள்ளைக்கு ஏற்ற குதிமுள்

சேணத்தை இறக்கிய லாயக்காரர் குனிந்து பார்த்தார். குதிரையின் இரண்டு விலாவிலும் சட்டைப் பொத்தான் அளவுக்குத் தடிப்பு.

"மறுபடியுமா?" என்றார் முதலாளி. சவாரி முடிந்து அப்போதுதான் இறங்கியிருந்தார். துணிக்கடைக்காரர், தொந்தி கரையக் குதிரை வாங்கியவர். பூட்ஸின் குதிகாலில் மாட்டிக் குதிரையின் விலாவைத் தட்டுகிற குதிமுள் இல்லாதவன் சவாரிக்காரனே இல்லை என்று யாரோ சொல்ல, பளபளவென்று ஒரு ஜோடியும் வாங்கி மாட்டியிருந்தார்.

"கோவிச்சுக்காதீங்க முதலாளி. இவனுக்குத் தோல் ரொம்ப மெல்லிசு. கொஞ்சம் மெதுவாத் தட்டினா..."

முதலாளி மாடியைப் பார்த்தார். அங்கே அவர் மனைவி துணி உலர்த்திக்கொண்டிருந்தார்.

"நான் எங்கப்பா அழுத்தறேன்? பூ மாதிரித்தான் தட்டறேன்!" என்றார் மாடிக்கும் கேட்கும்படி. "முள்ளுதான் சரியில்ல. வேற பாரு. சனிக்கிழமை மாட்டு டாக்டர் வர்றார். அன்னைக்கும் இப்படி இருந்தா, சீக்குக் குதிரை நமக்கெதுக்குன்னு இவ வித்துடுவா."

குதிரை போனால் வேலை போகும். லாயத்தை ஒட்டிய ஒற்றை அறையும் போகும். அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். மாப்பிள்ளையைப் பிரிந்து எப்படி இருப்பது?

மாப்பிள்ளை என்பது குதிரைக்கு லாயக்காரர் வைத்த பெயர். தொட்டதற்கெல்லாம் முகம் சுளிப்பவன். ஈ உட்கார்ந்து எழுந்தாலே தடித்துப்போவான். அதுவும் உடனே இல்லை. மனதில் வைத்திருந்து மறுநாள்தான் காட்டுவான்.

லாயக்காரர் தோல் சாமான் கடைக்கு ஓடினார்.

"முனை மழுங்கலா, வலிக்காததா ஒரு குதிமுள் குடுங்க."

கடைக்காரர் எடுத்து வைத்த ஒவ்வொன்றையும் லாயக்காரர் தன் முழங்கையில் அழுத்திப் பார்த்தார். பிறகு கன்னத்தில். கடைக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"எல்லாரும் குதிரை ஓடறதுக்கு முள்ளு கேப்பாங்க. நீங்க அது தூங்கறதுக்குக் கேக்கறீங்களே அண்ணே!"

எதையும் சோதித்துப் பார்க்காமல் மாப்பிள்ளையின் பக்கம் விடுகிற பழக்கம் லாயக்காரருக்கு இல்லை. முதல் ஜோடியையும் அப்படித்தான் பார்த்தார். அன்று மாலை மழுங்கல் முள்ளைக் கையில் பிடித்து, முதலாளியின் கால் எங்கே படுமோ அங்கேயே, பக்கத்துக்குப் பத்து தட்டு. ஒரு கோடுகூட விழவில்லை. நிம்மதியாகப் படுத்தார்.

காலையில் இருட்டு பிரியும்முன் சேணம் பூட்டிக் கொடுத்தார். கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் சிரித்தான்.

"இன்னைக்குப் புது முள்ளா அண்ணே? எதுவா இருந்தா என்ன!"

"உனக்கென்ன தெரியும், கேட்டைப் பாரு."

எட்டு மணிக்கு முதலாளி வேர்த்து விறுவிறுத்துத் திரும்பினார். தொந்தி நன்றாகவே கரைந்துகொண்டிருந்தது. மாப்பிள்ளையின் விலாவில் தடிப்பு எலுமிச்சம்பழ அளவுக்கு வளர்ந்திருந்தது.

அடுத்து, முனையில் ரப்பர் உருண்டை வைத்த ஜோடி. அவசரப்பட்டதுதான் தப்பு என்று நினைத்து, இம்முறை இருபது தட்டு தட்டிப் பார்த்தார். மறுநாள் தடிப்பு உள்ளங்கை அகலம்.

லாயக்காரருக்குச் சோறு இறங்கவில்லை.

"என்னங்க, முள்ளையே மாத்திக்கிட்டிருக்கீங்க. முதலாளி காலை மாத்த முடியுமான்னு கேளுங்க" என்றாள் அவர் மனைவி.

"மெதுவாப் பேசுடி. காதுல விழுந்தா இன்னைக்கே மூட்டையைக் கட்டணும்."

அவள் எழுந்து, இருந்த ஒரே தலையணையைக் கிழித்து, பஞ்சை வைத்து முள்ளுக்கு உறை தைத்துக் கொடுத்தாள். விடிந்தால் சனிக்கிழமை. கவலையில் லாயக்காரர் பக்கத்துக்கு ஐம்பது தட்டு தட்டிப் பார்த்தார். மாப்பிள்ளை கழுத்தைத் திருப்பி அவரையே பார்த்தான்.

"பொறுத்துக்கடா. எல்லாம் உனக்காகத்தான்."

சனிக்கிழமை சவாரி முடிந்ததும் எல்லோரும் கூடி நிற்க, சேணம் இறங்கியது. பக்கத்துக்கு ஒரு சாப்பாட்டுத் தட்டைக் கவிழ்த்து வைத்ததுபோல் வீக்கம்.

டாக்டர் தடவிப் பார்த்தார். "சீக்கெல்லாம் ஒண்ணும் இல்ல. ஒரே இடத்துல யாரோ தட்டிக்கிட்டே இருக்காங்க. அதை நிறுத்தினா நாலு நாள்ல சரியாயிடும்."

எல்லோரும் முதலாளியின் குதிகாலைப் பார்த்தார்கள்.

"பூ மாதிரித் தட்டற லட்சணமா இது?" என்று பொரிந்தார் முதலாளியம்மா. "வாயில்லாத ஜீவனை இப்படியா போட்டு அடிப்பீங்க! இதை இன்னைக்கே வித்துத் தொலைங்க. உங்க கையில இருந்தா செத்துடும்."

முதலாளி கேட் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

லாயக்காரர் தடாலென்று குனிந்து, பஞ்சு முள்ளோடு அவர் காலைக் கட்டிக்கொண்டார். "முதலாளி, உங்களுக்குப் புண்ணியமாப் போகும். இனிமே இவனைத் தட்டாதீங்க!"

கேட்டருகே நின்ற வாட்ச்மேனுக்குப் பொறுக்கவில்லை.

"அம்மா, முதலாளியைத் திட்டாதீங்க. அவருக்குக் குதிரைன்னாலே பயம். முதல் நாள்லேருந்தே கேட்டைத் தாண்டினதும் இறங்கி, முள்ளைக் கழட்டி என் மேஜை டிராயர்ல போட்டுட்டு, எட்டு மணி வரைக்கும் கடிவாளத்தைப் பிடிச்சுக்கிட்டு நடந்துட்டு வந்து, மறுபடி முள்ளை மாட்டிக்கிட்டுத்தானே உள்ள வர்றாரு!"