மனுவிலிருந்து என் முத்திரையை எடுத்துவிடு

அன்புள்ள தம்பி ஷிகெயோஷிக்கு, அக்கா தோமியே எழுதுவது. இங்கே மழை பிடித்துவிட்டது, பிளம் பழம் ஊறப் போட்டாயிற்று, எல்லாரும் சுகம். உன் மூட்டுவலியும் உன் மனைவியின் கோபமும் தணிந்திருக்கும் என்று நம்புகிறேன்.

வெளிநாட்டு சாக்ஸை உள்ளே விடக்கூடாது என்று உங்கள் சாக்ஸ் பின்னுவோர் சங்கம் டோக்கியோவுக்கு அனுப்பப் போகும் மனுவில் கையெழுத்துக்குப் பதிலாக நானும் என் பெயர் முத்திரையைக் குத்தினேன் அல்லவா, அதை எடுத்துவிடு. அக்காவுக்குப் புத்தி கலங்கிவிட்டது என்று நினைக்காமல் முழுக்கப் படி.

நம் ஒரு ஜோடி விலைக்குச் சீனாவிலிருந்து மூன்று ஜோடி வந்து இறங்கியதும் என் மகன் ததாஷி மெஷினை நிறுத்திவிட்டுப் படுத்துவிட்டான். முப்பது வருஷமா அதே சாம்பல் நிறப் பள்ளிக்கூட சாக்ஸ் பின்னினவனுக்கு வேற என்ன தெரியும். என் பேத்தி சிஸுருதான், இன்ஜினியருக்குப் படிச்சவளாச்சே, "அப்பா, விலையில அவங்களை ஜெயிக்க முடியாது. அவங்க பின்னாததைப் பின்னலாம், எழுந்திரிங்க"ன்னா. இடது காலுக்கு வேற, வலது காலுக்கு வேற, எப்பவும் கீழே நழுவாத சாக்ஸ். முதல்ல பின்னினது உன் அத்தான் காலைவிட்டுக் கழலவே இல்ல, கத்தரிக்கோல் தேவைப்பட்டுச்சு. அடுத்ததைக் கால் மாத்திப் போட்டுக்கிட்டு வாசலுக்குப் போனவர் கோழிக்கூண்டுல போய் நின்னார். மூணாவதோட கோயில் திதிக்குப் போய் மண்டி போட்டு உட்கார்ந்தார். தூபம் போட எழுந்தப்ப எல்லார் சாக்ஸும் கணுக்கால்ல சுருண்டு கிடக்க, இவருது மட்டும் விறைப்பா நிக்குது. பிக்கு மந்திரத்தைப் பாதியில விட்டுட்டு, "ஐயா, இது எந்தக் கடையில?"ன்னு கேட்டுட்டார்.

இப்ப மெஷினுக்கு ஓய்வே இல்ல. சாக்ஸை நழுவவிடாம பிடிச்சு நிறுத்துற அந்த இழுபடுற நூலும் சீனாவுலேர்ந்துதான் வருது. உங்க மனுவோட ரெண்டாம் பக்கத்துல நூலையும் தடுக்கச் சொல்லியிருக்கீங்களாம், நான் படிக்காம குத்திட்டேன். வெளிநாட்டு ஆர்டர் முதல்ல தந்ததும் ஷாங்காய்க் கடைக்காரர்தான். "அவங்க வந்து உதைக்கலைன்னா நான் இன்னும் சாம்பல் நிறத்துலயே தூங்கிக்கிட்டிருப்பேன்"ங்கறான் ததாஷி.

ஆகவே முத்திரையை எடு. உன் குடும்பத்துக்கு நீண்ட ஆயுசும் இந்த மழையில் நனையாத கால்களும் வாய்க்கட்டும்.

உன் அக்கா,
தோமியே

பி.கு.: உறையை ஒட்டும்போது ஷாங்காயிலிருந்து ஒரு பார்சல். இடது வேறு, வலது வேறு, அப்படியே நம்முடையதைப் பார்த்து அவர்கள் பின்னியது, பாதி விலை. உன் அத்தான் அதற்குள் மாட்டிப் பார்த்து "சுகமாத்தான் இருக்கு" என்கிறார். அவருக்கு இன்று சோறு கிடையாது. முத்திரை அங்கேயே இருக்கட்டும், இன்னும் இரண்டு குத்தவும் வருகிறேன். சிஸுருவோ அதை உள்புறம் திருப்பிப் பார்த்து, "பாட்டி, குதிகால்ல கோட்டை விட்டுட்டாங்க, நான் பின்றேன் பாருங்க" என்று சிரித்தபடி மெஷின் பக்கம் ஓடுகிறாள். சரி, எடுத்தே விடு. எடுத்ததை மட்டும் பத்திரமாக வைத்திரு.