டிராக்டரில் ஆள் இல்லை

போன ஞாயிற்றுக்கிழமை காலை எனக்கு ஒரே ஒரு வேலைதான். எங்கள் செம்பூர் அடுக்குமாடி சொசைட்டியின் புல்தரையை வெட்ட வேண்டும்.

அரை மணி நேர வேலை. ஆனால் நான் வெட்டப்போவது டிராக்டரில்.

சிரிக்காதீர்கள். வயலில் ஓடும் பெரிய டிராக்டர் இல்லை. நாற்பது வயதான வெளிநாட்டுத் தோட்ட டிராக்டர். கன்றுக்குட்டி உயரம். மேலே உட்கார்ந்து ஓட்டினால், அடியில் பிளேடு சுற்றிப் புல்லை வெட்டிக்கொண்டே போகும். டிராம்பே பக்கம் ஒரு பழைய பங்களாவை இடித்தபோது என் கணவர் காயலான் கடையிலிருந்து அதைக் கொண்டுவந்தார். கூடவே பனி தள்ளும் இரும்புப் பலகை ஒன்றும் வந்தது. செம்பூரில் பனி! மூன்றாம் மாடி பார்வதம் அதன்மேல் வடாம் காயப்போடுகிறாள்.

கணவர் வண்டியின் எல்லா நட்டையும் கழற்றி, ஊறுகாய் பாட்டில்களில் போட்டு, சீட்டு எழுதி ஒட்டினார். பிறகு போய்ச் சேர்ந்துவிட்டார். திரும்ப மாட்டுகிற வேலையை எனக்கு விட்டுவிட்டார். எப்போதும் அப்படித்தான்.

மூன்று வருடம் மாட்டினேன். நான் பாட்டில் சீட்டைப் படிப்பேன், தாராவியில் பட்டறை வைத்திருக்கும் காசிம் பாய் நட்டை முடுக்குவார். திருநெல்வேலிக்காரர். நல்ல ஆகிருதி. அவர் ஸ்டூலில் உட்கார்ந்தால் ஸ்டூல் கண்ணுக்குத் தெரியாது.

எங்களுக்குள் ஒரே ஒரு சண்டைதான் வந்தது. வண்டியில் உட்காரும் சீட்டுக்கு அடியில் ஒரு சுவிட்ச் உண்டு. ஓட்டுகிறவர் தவறி விழுந்தால் எஞ்சின் தானே நின்றுவிடும். அதன் ஒயரை எலி தின்றிருந்தது.

"யம்மா, இந்தச் சவம் எதுக்கு? ரெண்டு ஒயரையும் சேத்து முறுக்கிட்டா சோலி முடிஞ்சுது" என்றார் பாய்.

"வண்டியோட வந்த புஸ்தகத்துல இருக்கறபடிதான் இருக்கணும் பாய்." முப்பது வருடம் காலேஜ் லைப்ரரியில் வேலை பார்த்தவள் நான். புத்தகத்தை எதிர்த்துப் பழக்கமில்லை.

"அதுக்குள்ள ஸ்பிரிங்கு இங்க கெடைக்காதும்மா. ஆட்டோ ஸ்பிரிங்குதான் போடணும்."

"போடுங்கோ."

சொசைட்டி செகரட்டரி குல்கர்ணிக்கு இந்த வண்டியைக் கண்டாலே ஆகாது. கார் நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டிருக்கிறதாம். ஞாயிறு மீட்டிங்குக்கு முன்னால் அது புல்லை வெட்டிக் காட்ட வேண்டும். வெட்டினால் இருக்கலாம். இல்லையென்றால் பங்கார். அதாவது பழைய இரும்பு! டெம்போவுக்குக்கூட சொல்லிவைத்துவிட்டார்.

"ஆன்ட்டி, நீங்களேதான் ஓட்டணும். சண்டே வெளி ஆளுங்களுக்கு கேட்டில் என்ட்ரி இல்ல. ரூல்!" என்று இந்தியில் சொல்லிவிட்டுப் போனார்.

கடைசியாக வரவேண்டிய பெல்ட் சனிக்கிழமை வந்தது. காசிம் பாய் மாட்டினார். ஏறி உட்கார்ந்தார். சாவியைத் திருப்பினார். பிரேக்கிலிருந்து காலை எடுத்தார்.

ஓடியது! மூன்று வருடத் துரு இருமிக்கொண்டே எழுந்து நடந்தது.

"இப்ப நீங்க ஏறுங்கம்மா."

ஏறினேன். சாவியைத் திருப்பினேன். உறுமியது. பிரேக்கிலிருந்து காலை எடுத்தேன்.

நின்றுவிட்டது.

மறுபடி. உறுமல். காலை எடுத்தேன். மௌனம்.

"எறங்குங்க" என்று பாய் ஏறினார். அழகாக ஒரு சுற்றுப் போய் வந்தது. நான் ஏறினேன். மௌனம்.

பாய் பிளக்கை மாற்றினார். அவருக்கு ஓடியது. எனக்கு நின்றது.

கார்பரேட்டரைக் கழற்றி ஊதினார். அவருக்கு ஓடியது. எனக்கு நின்றது.

பெட்ரோலை வேட்டித் துணியில் வடிகட்டி ஊற்றினார். அவருக்கு ஓடியது. எனக்கு... கேட்கவே வேண்டாம்.

பார்வதம் வடாம் எடுக்க வந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏண்டி ராஜம், இது உங்காத்துக்காரரோட வண்டியோன்னோ? உன்னை ஏத்திக்க மாட்டேங்கறது."

"இருக்கறச்சே ஸ்கூட்டர்லயும் அப்படித்தான் பண்ணினார்."

அவள் போய் எலுமிச்சம்பழம் கொண்டுவந்து வண்டிக்கு மூன்று தரம் சுற்றினாள். பாய் வேடிக்கை பார்த்துவிட்டு, "எதுக்கும் எனக்கும் ஒரு சுத்து சுத்திருங்கம்மா" என்றார்.

சாயங்காலம் கையைத் துடைத்துக்கொண்டே அவர் சொன்னார்: "வண்டில ஒரு குத்தமும் இல்ல. சத்தியமா சொல்லுதேன்."

அப்படியென்றால் குற்றம் என்மேல்தான். இதை முதன்முறையாக ஓர் ஆண் நாகரிகமாகச் சொல்லிக் கேட்டேன்.

ஞாயிறு காலை. கமிட்டி முழுக்கப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது. கேட்டுக்கு வெளியே டெம்போ. நான் நல்ல புடவையாக ஒன்றைக் கட்டிக்கொண்டு, முந்தானையைச் செருகி, ஏறி உட்கார்ந்தேன்.

உறுமல். மௌனம். உறுமல். மௌனம்.

"ஆன்ட்டி, ஜானே தோ, விட்டுடுங்க" என்றார் குல்கர்ணி. குரலில் இரக்கம். இரக்கத்தைத்தான் என்னால் தாங்க முடியாது. அவர் டெம்போக்காரனைப் பார்த்துக் கையை ஆட்டினார்.

அந்த நேரம் பார்த்து பார்வதம் மாட்டுங்கா கடையிலிருந்து வந்து சேர்ந்தாள். கையில் பத்துக் கிலோ அரிசிப் பை, அவிழ்ந்த கொண்டை.

"செத்த இதைப் பிடிச்சுக்கோடி, முடியை முடிஞ்சுக்கறேன்" என்று பையைத் தொப்பென்று என் மடியில் வைத்தாள்.

கடைசியாக ஒரு தரம் என்று சாவியைத் திருப்பினேன். உறுமியது. காலை எடுத்தேன்.

நிற்கவில்லை!

"ஓடறது! பார்வதம், ஓடறது!"

"ஏய், என் அரிசி!"

நான் எங்கே அரிசியைப் பார்க்க! புல் இரண்டு பக்கமும் பச்சையாகச் சிதறுகிறது. குல்கர்ணி எழுந்து நின்றுவிட்டார். நான் அவரைத் தாண்டும்போது, ராணி மாதிரி, தலையை மட்டும் லேசாக அசைத்தேன்.

அந்த ராணித்தனத்தில்தான், பிளேடைத் தூக்கும் லீவர் பையில் குத்தியிருப்பதைக் கவனிக்கவில்லை.

பின்னால் பார்வதம் ஓடிவருகிறாள். அவளுக்குப் பின்னால் சொசைட்டியின் அத்தனை புறாக்களும் வருகின்றன. நான் போகிற வழியெல்லாம் வெள்ளைக் கோடு.

"நிறுத்துடி! பொன்னிடி அது!"

முக்கால் மைதானம் முடிந்தது. பை மடியில் துணியாகச் சரிந்தது. சரியாகக் குல்கர்ணியின் செருப்புக்கு முன்னால் எஞ்சின் நின்றது.

காசிம் பாய்க்கு போன் போட்டேன். அவசரத்தில் ஸ்பீக்கர் வேறு ஆன் ஆகிவிட்டது.

"பாய், அரிசிப் பையோட ஓடித்து. அரிசி கொட்டினதும் நின்னுடுத்து!"

"யம்மா... தப்பா நெனைக்காதீங்க. ஒங்க வெயிட்டு எவ்வளவு?"

"முப்பத்தொன்பது கிலோ. எதுக்கு?"

பாய் சிரித்த சிரிப்பில் புறாக்கள் கலைந்தன. "அந்த ஆட்டோ ஸ்பிரிங்கு அமுங்கலம்மா! பிரேக்க விட்டதும், சீட்டுல ஆளே இல்லன்னுல்லா அது நெனச்சிருக்கு! சுவிட்சு வேண்டாம்னு அன்னைக்கே சொன்னேம்லா?"

"க்யா போலா?" என்றார் குல்கர்ணி. பாய் என்ன சொன்னார் என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

பார்வதம் அரிசிக்குப் பழி வாங்கினாள். சீட்டில் ஆளே இல்லை என்று வண்டி நினைத்ததை, கமிட்டி முழுவதற்கும் கேட்கும்படி இந்தியில் மொழிபெயர்த்தாள்: "மெஷின் கோ லக்தா ஹை, சீட் பே கோயி பைட்டா ஹீ நஹீ!"

நாற்காலிகள் எல்லாம் குலுங்கின. நானும் சிரித்தேன். வேறு வழி?

கால் மைதானம் மீதி இருந்தது. குல்கர்ணி ஆபீசுக்குள் போனார். சொசைட்டியின் பழைய ஃபைல்களைக் கயிற்றோடு தூக்கிவந்து என் மடியில் வைத்தார். பத்துக் கிலோ தாராளமாக இருக்கும். மேல் ஃபைலைப் பார்த்தேன். என் டிராக்டரைப் பற்றிய புகார்கள்.

அந்தப் புகார்களின் பாரத்தில் மீதிப் புல்லையும் வெட்டி முடித்தேன். டெம்போ காலியாகப் போயிற்று.

மறுநாள் காசிம் பாய் கட்டிங் பிளேயரோடு வந்தார். "இப்பவாவது அந்தச் சுவிட்ச எடுத்துருவமா?"

வேண்டாம் என்றேன். மூன்று வருடமாக என் சாப்பாடு ஒரு கரண்டி தயிர்சாதமும் ஒரு துண்டு நாரத்தங்காயும்தான். தட்டில் எவ்வளவு விழுகிறது என்று பார்க்க எதிரே ஒருவரும் இல்லை. யாரும் கவனிக்காததை ஒரு பழைய இரும்பு கவனித்துச் சொல்லியிருக்கிறது. அதன் வாயை எதற்கு அடைக்க வேண்டும்?

பார்வதத்துக்குப் புதுப் பை அரிசி வாங்கிக் கொடுத்தேன். எனக்கும் ஒன்று.

இப்போது காலையில் ஆறு இட்லி. டாக்டர் சொல்லிக் கேட்காதவள், ஆட்டோ ஸ்பிரிங் சொல்லிக் கேட்கிறேன்.