பூசணிக்காய் மேல் சுழன்ற சக்கரம்

ஒரு காரில் ஓட்டுகிறவரைத் தவிர மற்ற எல்லோருக்கும் கார் ஓட்டத் தெரியும். ஓட்டுகிறவர் பெண்ணாக இருந்துவிட்டால் வெளியே நிற்கிறவர்களுக்கும் தெரியும். மதில்மேல் உட்கார்ந்திருக்கும் காக்கைக்கும் தெரியும். வருஷங்கள் ஓடிவிட்டன. இதை எழுதும்போதும் பல்லைக் கடிக்கிறேன். (கடிக்கக் கூடாது என்று பல் டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் கார் ஓட்டுவது பற்றி அவருக்கும் ஓர் அபிப்பிராயம் உண்டு.)

என் தங்கை செல்வியின் கல்யாணம். மட்டாஞ்சேரியில், மழை பெய்து ஓய்ந்து, மறுபடி பெய்யலாமா என்று யோசித்துக்கொண்டிருந்த காலை. எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையை மண்டபத்துக்கு அழைத்து வர வேண்டியவன் பெண்ணின் உடன்பிறந்தான். கார்ப்பரேஷனில் வேலை பார்த்த அப்பாவுக்குக் கடவுள் கொடுத்தது இரண்டும் பெண்கள். "பெரியப்பா பையனை அனுப்பலாமே" என்றார்கள். "நானும் உடன்பிறந்தவள்தான். எனக்கு லைசென்சும் இருக்கு" என்றேன். அப்பா என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், சரி என்றார்.

மாப்பிள்ளை முருகேசனின் சித்தப்பாதான் சரி என்று சொல்லவில்லை. பாலக்காட்டுக்காரர். நிச்சயதார்த்தத்தன்றே "ஆண் துணை இல்லாத வீடு" என்று முணுமுணுத்தவர். அதை உரக்கச் சொல்ல ஒரு காரணம் கிடைக்காதா என்று அலைந்துகொண்டிருந்தார். முகூர்த்தத்துக்குள் மாப்பிள்ளையைக் கொண்டு சேர்க்காவிட்டால் அந்தக் காரணத்தைத் தாம்பாளத்தில் வைத்து நானே நீட்டியதாகிவிடும்.

கார் ஹமீதுக்காவுடையது. யூதர் தெருவான ஜூ டவுன் பக்கம் சுக்கு, மிளகு வியாபாரம், அப்பாவின் சிநேகிதர். மாப்பிள்ளை வீட்டார் தங்கத் தன் கிடங்கை ஒட்டிய பழைய வீட்டைத் தந்தவர், தன் புதுக் காரையும் தந்தார். கப்பல் மாதிரி கார், பின்சக்கரங்கள்தான் தள்ளும். முந்தின நாள் என்னை ஓட்டிப் பார்க்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்து, மகளே என்று தன் மலையாளத்தில் அழைத்துச் சொன்னார்: "மோளே, இதில ஒரு மஞ்ச விளக்கு உண்டு. டயர் வழுக்கினா மின்னும். அப்ப காலை லேசா எடு. பாக்கி அது பாத்துக்கும்."

அதுதான் அந்தக் காரின் புத்திசாலித்தனம். எத்தனை பெரிய கார் என்றாலும் ஒவ்வொரு டயரும் தரையைத் தொடுவது உள்ளங்கையளவு இடத்தில்தான். அத்தனை குதிரைச் சக்தியும் அந்த உள்ளங்கை வழியாகத்தான் போயாக வேண்டும். உருளும் டயர் தரையின் கையைப் பிடித்திருக்கிறது. தரை தாங்குவதற்கு மேல் மிதித்தால் கையை உதறிவிட்டு நின்ற இடத்திலேயே சுழல்கிறது. சுழலச் சுழல இருந்த பிடியும் போகிறது. (கோபம் வந்தால் நானும் அப்படித்தான்.) ஒரு சக்கரம் மற்றதைவிட வேகமாகச் சுற்றுவதை அந்தக் கார் கண்டுகொள்ளும்; அதற்கு மட்டும் பிரேக் போட்டு, என்ஜினின் வேகத்தையும் குறைத்து, மறுபடி தரையின் கையில் ஒப்படைக்கும். அவமானப்படுத்தாமல் அடக்கும். எங்கள் சொந்தக்காரர்கள் ஒருவருக்கும் அந்தக் குணம் கிடையாது.

கல்யாணக் காலை. கிடங்கின் முற்றத்தில் பாசி. அங்கிருந்து தெருவுக்கு ஏற ஒரு சரிவு. மாப்பிள்ளை பட்டு வேட்டியில் பின்சீட்டில். சித்தப்பா அழையாமலே என் பக்கத்துச் சீட்டில் துண்டைப் போட்டு இடம் பிடித்துவிட்டு, திருஷ்டி கழிக்க இறங்கினார். ஒவ்வொரு டயருக்கும் ஓர் எலுமிச்சம்பழம். அத்தோடு விட்டாரா? குங்குமம் நிரப்பிய பூசணிக்காயைக் காரைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்னால் உடைத்தால் புது பெயிண்டில் தெறிக்கும் என்று யோசித்து (யோசித்தார்!), பின்சக்கரத்தின் காலடியில் போட்டு உடைத்தார். பாசி. மழை ஈரம். அதன்மேல் பூசணிச் சதை. தள்ளுகிற சக்கரத்துக்கு இதைவிட நல்ல வழுக்குமரம் யாராலும் நட முடியாது.

சித்தப்பா ஏறி உட்கார, கிளப்பினேன். எலுமிச்சம்பழங்கள் பொட்டென்று நசுங்கின. கார் ஓர் அடி ஏறியது, நின்றது. மஞ்சள் விளக்கு மின்னியது. என்ஜின் பெருமூச்சு விட்டது.

"மிதி மோளே, மிதி!"

"விளக்கு எரியுது சித்தப்பா. காலை எடுக்கணும்."

"எடுத்தா பின்னால போகும். பயப்படாதே, மிதி!"

வெளியே நின்ற மொத்தக் கூட்டமும் கோரஸாக "மிதி" என்றது. நாதஸ்வரக்காரர்கூடச் சீவாளியை வாயிலிருந்து எடுத்துவிட்டு "மிதிங்கம்மா" என்றார். கால் எடுக்கச் சொன்னது மூளை. மிதித்தது என் மானம். கார் முனகியது, அசையவில்லை.

"இதான் தடுக்கிறது" என்று சித்தப்பா கையை நீட்டி ஒரு பொத்தானை அமுக்கினார். (துபாயில் அவருடைய மச்சான் கார் வைத்திருந்தாராம். அதுதான் தகுதி.) காரின் புத்திசாலித்தனம் அணைந்தது. என் கால் இன்னும் மிதியில்தான் இருந்தது.

பின்சக்கரங்கள் அலறின. குங்குமச் சதை செந்நிற விசிறியாகக் கிளம்பி, வழியனுப்ப நின்ற மாப்பிள்ளையின் அம்மாவை, அவருடைய கிளிப்பச்சைப் பட்டுப்புடவையை, தவிலை நனைத்து, தவில்காரரின் திறந்த வாயை நிரப்பியது. பின்பக்கம் ஆனைபோல அசைந்து நகர்ந்து, ஒரு சக்கரம் சரிவோரச் சாக்கடைக்குள் இறங்கியது. பின்சீட்டு ஜன்னல் வழியே எட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் தலை முழுக்கப் பூசணி விதை.

"பெண்ணுங்க கையில வண்டி கொடுத்தா இதுதான்" என்றார் சித்தப்பா. பொத்தானை அமுக்கிய விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார்! அந்த விரலை நான் கடிக்காமல் விட்டது தங்கைக்காக.

கிடங்கிலிருந்து சுக்கு மூட்டை ஏற்றிய தள்ளுவண்டியோடு வந்த சுமைத் தொழிலாளிகள் நின்றார்கள். ஒருவர் மாப்பிள்ளையிடம், "கேறிக்கோ சேட்டா, ஞங்கள் எத்திக்காம்" என்றார், ஏறிக்கொள்ளுங்கள், நாங்கள் கொண்டு சேர்க்கிறோம் என்று. முருகேசன் சித்தப்பாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்து, "அக்கா, குடையைப் பிடிங்க. நீங்கதானே அழைச்சிட்டுப் போகணும்?" என்று வேட்டியை மடித்துக் கட்டி மூட்டைமேல் ஏறி உட்கார்ந்தார்.

ஜூ டவுன் தெருவில் வெள்ளைக்காரச் சுற்றுலாக்காரர்கள் படம் எடுத்தார்கள். நான் குடையோடு நடந்தேன். உள்ளே கொதித்துக்கொண்டு, வெளியே கூடுமானவரை உடன்பிறந்தானாக. சித்தப்பா பின்னால் "மெதுவா, மெதுவா" என்று வண்டிக்காரர்களுக்கு ஓட்டச் சொல்லிக்கொடுத்தபடி வந்தார். முகூர்த்தம் முடியும் முன் சேர்ந்தோம். தாலி கட்டக் குனிந்தவரின் காதோரமிருந்து செல்வி ஒரு பூசணி விதையை எடுத்துப் போட்டாள். மேடையெல்லாம் சுக்கு வாசனை.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் பரீட்சையில் முழித்தாலும், ஜாடி மூடி திறக்காவிட்டாலும், யாராவது "மிதி மோளே" என்பார்கள். நான் சிரிப்பதில்லை.

போன மழைக்காலத்தில் சித்தப்பா பாலக்காட்டிலிருந்து போன் செய்தார். அவர் வீட்டில் புதுக் கார் வாங்கியிருந்தார்கள்.

"மோளே, கோயில் மைதானம் ஒரே சேறு. வண்டி நகர மாட்டேங்குது. மஞ்ச விளக்கு ஒண்ணு மின்னுது. என்ன செய்யணும்?"

"யார் ஓட்டுறா சித்தப்பா?"

"மருமகன்."

"நீங்க எங்க நிக்கிறீங்க?"

"பின்னால நின்னு தள்ளிட்டிருக்கேன்."

"அப்ப சரி" என்றேன். "அந்தப் பொத்தானை அமுக்கிட்டு, நல்லா மிதிக்கச் சொல்லுங்க."