பூமிக்கு முன்னுரிமை வழங்கிய வரலாறு

அடுத்த இருபத்தைந்து ஆண்டுகளுக்குப் பூமியை எப்படி ஆராய்வது என்று தீர்மானிக்கும் பொறுப்பு, 2006-ஆம் ஆண்டு மழைக்காலத்தில், குரோம்பேட்டையில் ஒரு வாடகைக் கட்டடத்தின் முதல் மாடிக்கு வந்து சேர்ந்தது. கீழே செல்போன் ரீசார்ஜ் கடை. மேலே, திண்மப் புவி முன்னுரிமை அலுவலகம். இந்த அலுவலகம் ஆராய்ச்சி எதுவும் செய்யாது. எந்த ஆராய்ச்சியை முதலில் செய்யலாம் என்று யோசிக்கும். யோசித்து முடித்துவிட்டதாக இதுவரை அதன்மேல் யாரும் குற்றம் சாட்டியதில்லை.

டெல்லியிலிருந்து வந்த ஆணை தெளிவாக இருந்தது. பூமி ஆராய்ச்சியில் எது முதல், எது இரண்டாவது என்று வெள்ளிக்கிழமைக்குள் தெரிவிக்க வேண்டும். தவறினால் அலுவலகம் கலைக்கப்படும். ஊழியர்கள் அனைவரும் ஆராய்ச்சி நடக்கிற வேறோர் அலுவலகத்துக்கு மாற்றப்படுவார்கள்.

இயக்குநர் ஏகநாதனுக்கு மின்விசிறிக்கு அடியிலேயே வியர்த்தது. உடனே கூட்டம் கூட்டினார். வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர், விதிமுறைகளைக் கரைத்துக் குடித்த கண்காணிப்பாளர் ஜீவரத்தினம். இன்னொருவர், புதிதாகச் சேர்ந்த ஜஹீரா. அந்த அலுவலகத்தில் நிலவியல் படித்தவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்குக் கடைசி நாற்காலி.

"சார், நம்ம ஏரியாவுல ஏரியை மூடி வீடு கட்டியிருக்காங்க. போர் போட்டுத் தண்ணியை உறிஞ்சிக்கிட்டே இருக்காங்க. தரை எங்கெங்க இறங்குதுன்னு யாருமே பார்க்கல. அதையே முதல்ல வைக்கலாம்" என்றார் ஜஹீரா.

"எவ்வளவு ஆழம்மா?" என்றார் ஜீவரத்தினம்.

"ஒரு முப்பது அடி."

ஜீவரத்தினம் பேனாவை மூடினார். "சீனியாரிட்டி இடிக்குதே."

விளக்கினார். பூமிக்கு மூன்று அடுக்குகள். மேலே மேலோடு, அதற்குக் கீழே கவசம், நட்ட நடுவில் கருவம். "நடுவுல இருக்கறது எது? மத்திய அரசு. அப்ப கருவம் அவங்களுது. கவசம் மாநிலம். மேலோடு நகராட்சி. டெல்லிக்குப் போய் நகராட்சி சமாசாரத்தை அனுப்புவோமா?"

"பூமிக்கு இந்த அதிகார வரம்பெல்லாம் தெரியாதே சார்."

"தெரியலேன்னா சர்க்குலர் அனுப்பித் தெரியப்படுத்தணும்."

"அப்ப பூகம்பம்?" என்று இயக்குநர் உண்மையான கவலையோடு கேட்டார். "அது கீழே கிளம்பி மேல வருதே?"

"டெபுடேஷன் சார்."

இயக்குநர் போன மாதம்தான் பவர்பாயிண்ட் கற்றிருந்தார். அந்தக் காலத்தில் பவர்பாயிண்டில் வராத எதையும் உண்மை என்று யாரும் ஏற்றுக்கொள்வதில்லை. அவர் பட்டனைத் தட்டினார். கருவம் இடது மூலையிலிருந்து சுற்றிக்கொண்டே பறந்து வந்து, கைதட்டல் சத்தத்தோடு பூமிக்கு நடுவில் உட்கார்ந்தது. அறிவியல் இதற்கு மேல் என்ன செய்துவிட முடியும் என்று அவருக்குத் தோன்றியது.

"கருவம் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் கீழ இருக்கு சார். அங்க எப்படிப் போவோம்?" என்றார் ஜஹீரா.

"முன்னுரிமை குடுக்கத்தானே சொல்லியிருக்காங்க? போகச் சொல்லலியே!" என்றார் ஜீவரத்தினம்.

அப்போது தெருவில் பெரிய சத்தம். டிரைவர் குமரேசன் ஓடிவந்தார்.

"சார், நம்ம வண்டி உள்ள பூடுச்சு!"

"எதுக்குள்ள?"

"பூமிக்குள்ள சார்!"

எல்லோரும் இறங்கி ஓடினார்கள். இயக்குநரின் வெள்ளை அம்பாசிடர், பாதி உடம்பு ரோட்டுக்குள், பாதி வெளியில் என்று தலைகுப்புற நின்றுகொண்டிருந்தது. பின் சக்கரம் ஒன்று இன்னும் சாவகாசமாகச் சுற்றிக்கொண்டிருந்தது.

நகராட்சிப் பொறியாளர் வந்தார். குனிந்து பார்த்தார்.

"மேல மூணு அடி ரோடு. அது எங்களுது. அதுக்குக் கீழ இருக்கறது பூமி. பூமிக்கு உங்க ஆபீஸ்தானே சார்?"

"பூமிதான்," என்றார் ஜீவரத்தினம். "ஆனா இன்னும் முன்னுரிமை வழங்கப்படாத பூமி."

ஜஹீரா மட்டும் பள்ளத்தின் ஓரத்தில் முட்டிபோட்டு டார்ச் அடித்துப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "சார், அடிமண்ணைத் தண்ணி அரிச்சிருக்கு. தெருவுக்கு அடியிலயே பொந்து மாதிரி போகுது. ஒரு வாரம் கருவி வச்சு அளந்தா எந்தெந்த இடம் இறங்கும்னு சொல்லிடலாம். இதைவிடப் பெரிய முன்னுரிமை என்ன இருக்கு?"

இயக்குநர் தன் காரைப் பார்த்தார். வாழ்க்கையில் முதன்முறையாக அவருக்கு நிலவியலில் ஆர்வம் பிறந்தது. "எழுதிடலாமா?" என்றார்.

"யாரு அளக்கப் போறது?"

கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தவர் கிளியம்மாள், தெருவாசிகள் நலச் சங்கத்தின் செயலாளர். அந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர் குடும்பத்து நெல்வயல்தான்.

"உங்க நல்லதுக்குத்தாங்க," என்றார் ஜஹீரா.

"அளந்தா பேப்பர்ல வரும். வந்தா இங்க மனை எவன் வாங்குவான்? இன்னைக்கு வரைக்கும் ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரம்னு விளம்பரம் குடுக்கிறோம். நாளைக்குப் பாதாளத்துக்கு நடக்கிற தூரம்னா குடுக்கிறது?"

"வீடே உள்ள போயிட்டா?"

"அதுக்குள்ள வித்துட்டா, வாங்கினவன் பார்த்துக்குவான்."

கூட்டம் ஆமோதித்துத் தலையாட்டியது. கிளியம்மாள் குரலைத் தணித்தார். "ஆராய்ச்சியே வேணாம்னு சொல்லலம்மா. தாராளமா பண்ணுங்க. பூமிக்கு நடுவுல பண்ணுங்க. அங்க யாருக்கும் பிளாட் இல்ல."

ஜீவரத்தினம் கையெடுத்துக் கும்பிட்டார். "மக்கள் கருத்துக்கேட்பும் முடிஞ்சுது சார்."

"யார் என்ன சொன்னாலும் நான் எழுதத்தான் போறேன்" என்றார் ஜஹீரா. அந்தத் தெருவில் பள்ளிக்கூட வேன் போவதை அவர் தினமும் பார்ப்பவர்.

அவரை அழைத்துப்போக ஸ்கூட்டரில் வந்த கணவர் ஆசிப், பள்ளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, மனைவியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்தப் பொந்து எந்தப் பக்கமா போகுது?"

"கிழக்கால."

"நாம புக் பண்ணியிருக்கிற பிளாட்டு எந்தப் பக்கம்?"

ஜஹீரா கிழக்கே திரும்பிப் பார்த்தார். பின் தெருவில், பச்சை வலைக்குள், மூன்றாவது மாடி எழும்பிக்கொண்டிருந்தது.

"அளந்தா என்ன தெரியும்?"

"கீழ பொந்து இருக்கா இல்லையான்னு."

"அளக்கலேன்னா?"

"தெரியாது."

"தெரியாதுன்னா பேங்க்ல லோன் குடுப்பாங்கல்ல?"

மறுநாள் கிரேன் வந்து காரைத் தூக்கியது. லாரி வந்து இடிந்த செங்கல்லைக் கொட்டியது. மேலே தார் ஊற்றி, கோலமாவால் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை கூட்டத்தில் இயக்குநர் பட்டியலை எடுத்தார். "முதல் இடம் கருவத்துக்குன்னு ஆயிடுச்சு. ஆனா என் காரே போச்சு, மனசு கேக்கல. ஜஹீரா, உங்க தரை இறங்கற விஷயத்தை ரெண்டாவதா போட்டுடுவோம். ஜீவரத்தினம் ஆட்சேபிச்சாலும் பரவாயில்ல."

ஜஹீரா ஜன்னல் வழியாகப் பின் தெருவைப் பார்த்தார்.

"முதல்ல உட்கருவம்னு போடுங்க சார். ரெண்டாவதா வெளிக்கருவம்," என்றார். "அதுக்கு மேல நாம வர வேணாம்."