என்ட்விசிலம்மாள் தொப்பி மீட்ட பரணி

மதயானை கண்டு மலையாதவர் உண்டு. பொங்குகடல் கண்டு பதறாதவரும் உண்டு. ஆனால் போல்டன் நகரத்து ஹாலிவெல் பேரங்காடியில், ஜனவரித் தள்ளுபடியின் முதல் நாள் கதவு திறந்தபோது, தொப்பிப் பிரிவில் நெஞ்சு நிமிர்த்தி நின்றவர் ஒருவரே. அளவுநாடா மாலையர், குண்டூசி மார்பர், தொப்பி விற்பனையாளர் வில்பிரட் ஓர்மெராட் வாழ்க!

அம்மாவீரருக்கு அம்மாதம் இரு எச்சரிக்கைகள் வந்திருந்தன: ஒன்று நிலைக்கண்ணாடியைச் சாய்த்ததற்கு, மற்றொன்று, மேயரின் மனைவியைத் துணிப்பொம்மை என்றெண்ணித் தூசி தட்டியதற்கு. இன்னொரு புகார் வந்தால் வேலை போய்விடும் என்று மேற்பார்வையாளர் கிராப்ட்ரீ அறிவித்திருந்தார்.

குடைவேல் ஏந்தி, கைப்பைக் கேடயம் தாங்கி, மகளிர் சேனை மடைதிறந்த வெள்ளமெனப் புகுந்த அந்நேரம், நெசவாலைப் பணியில் ஓய்வுபெற்ற என்ட்விசிலம்மாள் தம் காட்டுக்கோழி இறகுத் தொப்பியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, வேறொன்றை அணிந்து பார்க்கத் திரும்பினார். திரும்பி முடிப்பதற்குள் ஓர்மெராட் அதை விற்றுவிட்டார்.

"என் தொப்பி எங்க கண்ணு?" என்றார் அம்மையார்.

இடியேறு கேட்ட நாகமென நடுங்கிய ஓர்மெராட் நிமிர்ந்து நோக்கினார். அதோ, மேலேறும் நகரும் படிக்கட்டில், ஹாஸ்லம் என்னும் ஆசிரியையின் தலைமேல், வெற்றிக்கொடியென ஆடிச் செல்கிறது அவ்விறகு! ஏறும் படியிலோ எள் விழ இடமில்லை. எனவே இறங்கும் படியில் ஏறத் துணிந்தார் எம் தலைவர்.

அவர் ஒரு படி ஏற, படி அவரை ஒரு படி இறக்கியது. காலிரண்டும் கடுங்காற்றெனச் சுழன்றும், அரைக்கால் நாழிகை அவர் நின்ற இடத்திலேயே ஓடினார். மேலிருந்து இறங்கிய தலையணைச் சுமைகள் அவர் மார்பில் மோதின. ஒரு தலையணை கிழிந்து சிறகுமாரி பொழிந்தது. தும்மலோசை திசையெட்டும் முழங்கியது. பனிமலை நடந்தாற்போல் வெள்ளிறகு போர்த்து, மூச்சு முட்ட, அவர் பாதிவழி எட்டினார். அங்கே, முன்னே நின்றவர்களை விலக்கியபடி, தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஹாஸ்லம் அம்மையாரே இறங்கி வந்தார்.

"இதுக்குள்ள யாரோட பஸ் டிக்கெட்டோ இருந்துச்சு. அதான் திருப்பிக் குடுக்க வந்தேன். நீங்க அங்கயே நின்னுருந்தா நானே வந்திருப்பேனே."

வெற்றி! மீண்ட தொப்பியை இருகரத்தால் உயர்த்தி, படிக்கட்டுக்குப் பறிகொடுத்தது போக மிஞ்சிய ஒற்றைக் காலணியோடு ஓர்மெராட் தம் பாசறை திரும்பினார்.

அங்கே அவர் கண்ட காட்சியை எப்புலவர் பாடுவார்! கடையில் தலையில் தொப்பியில்லாமல் நிற்பவர் பணிப்பெண்ணே என்று கருதிய கூட்டம் என்ட்விசிலம்மாளைச் சூழ்ந்துகொண்டிருந்தது. முதலில் மறுத்துப் பார்த்த அவர், பிறகு மேசைக்குப் பின்னால் போய் நின்று பதினோரு தொப்பிகளை விற்றிருந்தார். நாற்பது ஆண்டு தறியிரைச்சலை வென்ற குரல் அது. பச்சை வேண்டாம், முகம் சோர்ந்து தெரியும் என்று ஒருத்திக்கும், அந்தத் தொப்பியின் அகலத்துக்குச் சாதாரண வாசற்கதவு போதாது என்று இன்னொருத்திக்கும் அவர் உரைக்க, இருவரும் அவர் எடுத்துக் கொடுத்ததை மறுபேச்சின்றி வாங்கினர்.

"அம்மா, உங்க தொப்பி," என்று மண்டியிட்டு நீட்டினார் வீரர்.

"அங்க வைப்பா, இவங்கள அனுப்பிட்டு வந்துடுறேன்," என்றவர், கை போன போக்கில் அதையே எடுத்து எதிரே நின்றவளின் தலையில் சூட்டி, உனக்கென்றே செய்தது என்று சொல்லி, பொட்டலம் கட்டி அனுப்பியும் விட்டார்.

அப்போது மீசை முறுக்கி வந்தார் கிராப்ட்ரீ. தும்மிக்கொண்டிருந்த வெள்ளிறகு உருவத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவரால் தங்களுக்கு ஏதேனும் குறையுண்டோ என்று என்ட்விசிலம்மாளைக் கேட்டார். ஓர்மெராட் கண்களை மூடிக்கொண்டார்.

"குறை சொல்ல எனக்கு எங்க நேரம்? பெரிய அளவு தீந்துபோச்சு, போய் எடுத்துட்டு வாங்க."

பேரங்காடி வரலாற்றில் முதன்முறையாக, கோட்டையே அதிரக் கட்டளையிட்டுப் பழகிய கிராப்ட்ரீ, தாமே கிடங்கு நோக்கி நடந்தார்.

மாலையில் மழை பிடித்துக்கொண்டதால், என்ட்விசிலம்மாள் தலையில் செய்தித்தாளைப் போட்டுக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றார்.