ஷட்டரில் பட்டால் அவுட்

புத்தகத்துக்கு அழகாக அட்டை போடுகிறவர்களைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். அவர்களில் பாதிப் பேர் உள்ளே ஒரு பக்கத்தைக்கூடத் திருப்பியிருக்க மாட்டார்கள். நான் அந்தப் பாதிக்குத் தலைவன். பழுப்புத் தாளில் அட்டை போட்டு, லேபிள் ஒட்டி, முத்து முத்தாகப் பெயர் எழுதிவிட்டால் உள்ளே இருப்பதெல்லாம் மண்டைக்குள் இறங்கிவிட்டதாக எனக்கு ஒரு நினைப்பு. அப்போது நான் உத்தமபாளையத்தில் ஒரு வக்கீலிடம் குமாஸ்தா. அந்தத் தொழிலில் இந்த நினைப்பு கொஞ்சம் கூடுதலாகவே வரும். (கட்டுக்குக் கயிறு கட்டும்போதே கேஸ் புரிஞ்ச மாதிரி இருக்கும்!)

இரண்டாயிரத்து மூன்றிலோ நான்கிலோ என் கூட்டாளி சிக்கந்தர் வளைகுடாவிலிருந்து கம்பத்துக்குத் திரும்பி வந்தான். ஊரில் எல்லாரும் அத்தரும் கைக்கடிகாரமும் எதிர்பார்த்திருக்க, அவன் ஐந்து பழைய ஸ்குவாஷ் மட்டைகளையும் ஒரு பை நிறைய ரப்பர் பந்துகளையும் இறக்கினான். நான்கு சுவருக்குள் இரண்டு பேர் நின்று ஒரே எதிர்ச்சுவரில் பந்தை மாற்றி மாற்றி அடிக்கும் ஆட்டம் அது. அவன் வேலை பார்த்த ஹோட்டலில் அந்த ஆட்டம் நடக்குமாம். இவன் வாசலில் நின்று துண்டு கொடுக்கிறவன். கதவு திறந்து மூடும் இடைவெளியில் எவ்வளவு தெரிந்ததோ அவ்வளவுதான் அவனுடைய ஸ்குவாஷ் ஞானம். அதை அப்படியே எனக்கும், ஓடைப்பட்டியில் டிராக்டர் மெக்கானிக்காக இருந்த பாண்டிக்கும் சொல்லிக் கொடுத்தான்.

ஆடுவதற்கு இடம் கொடுத்தவர் சிக்கந்தரின் தாய்மாமா காசிம் ராவுத்தர். மொத்த மளிகை வியாபாரி. அவனுக்கு மாமா என்பதால் எங்களுக்கும் மாமா. கடைக்குப் பின்னால் இருந்த அவருடைய காலிக் கிடங்குக்கு மூன்று பக்கம் சுவர், நான்காவது பக்கம் முழுக்க இரும்பு ஷட்டர். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கடையிலேயே கட்டில் போட்டு அவர் தூங்குவார். முதல் நாளே பாண்டி அடித்த பந்து ஷட்டரில் பட்டு, மாமா கட்டிலிலிருந்து எழுந்து வேட்டியைத் தேடிக்கொண்டு ஓடி வந்தார்.

"ஆடுங்க, வேணாங்கல. ஆனா இன்னொரு தடவ ஷட்டர்ல அடி விழுந்துச்சு, மட்டையப் பிடுங்கி அடுப்புல வச்சிருவேன்!"

அன்றிலிருந்து எங்கள் ஆட்டத்தில் ஒரு விதி சேர்ந்தது. ஷட்டரில் பட்டால், அடித்தவன் அவுட். இரண்டு வருஷம் பூப்போல அடித்தே பழகினோம். உள்ளே மூன்று தடியன்கள் பந்து விளையாடுகிறார்கள் என்று வெளியே நிற்பவனுக்குத் தெரியாது.

மதுரையில் ஒரு கிளப் புது அணிகளுக்கு லீக் நடத்துவதாகக் கேள்விப்பட்டு நான்தான் விண்ணப்பம் எழுதினேன். ("மேற்படி அணியினராகிய நாங்கள்" என்று ஆரம்பித்து மூன்று பக்கம்.) பதிலோடு தமிழில் அச்சடித்த பதினாறு பக்க விதிப்புத்தகமும் வந்தது. உடனே அட்டை போட்டுவிட்டேன்.

இதற்குள் புளி சீசன் நெருங்கிவிட்டது. அந்த வருஷம் வரத்து அதிகம், மாமாவுக்குக் கிடங்கு வேண்டும். எங்கள் முகத்தைப் பார்த்து இரக்கப்பட்டு ஒரு வாக்குக் கொடுத்தார்.

"மதுரையில ஒரே ஒரு கேமாச்சும் எடுத்துட்டு வாங்க, கிடங்கு ஒங்களுக்கு. இல்லேன்னா அடுத்த வாரம் புளி மூட்டைய இறக்கிருவேன். நானும் கூட வாரேன், பொய் சொல்லப்படாதுல்ல."

ஒன்பது பாயிண்ட் எடுத்தால் ஒரு கேம், மூன்று கேம் எடுத்தால் ஜெயம். மூன்று பேரும் ஆடினால் அதில் ஒன்றுகூடவா கிடைக்காது? பாண்டி தோட்டத்துத் திராட்சை ஒரு பெட்டியுடன், மாமா வெள்ளைச் சட்டையுடன் பஸ் ஏறினோம்.

கிளப்பில் நான்கு பக்கமும் வழவழவென்று வெள்ளைச் சுவர். பின்சுவருக்கு மேலே பார்வையாளர் மாடம். நடுவர் ஒரு கல்லூரி உடற்பயிற்சி ஆசிரியை. அவர் பக்கத்தில் திராட்சைப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு மாமா உட்கார்ந்தார்.

முதலில் சிக்கந்தர் இறங்கினான். மதுரைப் பையன் ஓங்கி ஒரு அடி அடித்தான். பந்து முன்சுவரில் மோதி, தரையில் குதித்து, பின்சுவரில் போய்ப் பட்டது. சிக்கந்தர் "அவுட்டு" என்று சிரித்துக்கொண்டே பந்தைக் கையால் பிடித்து மரியாதையாக நீட்டினான். பாயிண்ட் மதுரைக்குப் போனது. மறுபடியும் அதே அடி, அதே சிரிப்பு, அதே மரியாதை. இருபது நிமிடத்தில் மூன்று கேமும் போயின. அடுத்து பாண்டிக்கும் இதே கதி.

"அந்தம்மா ஒரு பக்கமாப் பேசுறாக" என்றான் பாண்டி கொதித்துப்போய்.

நான் சிரித்தேன். ஆட்சேபணையைச் சரியான நேரம் பார்த்துத்தான் எழுப்ப வேண்டும் என்பார் எங்கள் வக்கீல். என் ஆட்டத்தில் இரண்டு கேம் தோற்று, மூன்றாவதில் பூஜ்யத்துக்கு ஐந்து என்று நின்றபோது அந்தச் சரியான நேரம் வந்ததாக முடிவு செய்தேன்.

"மேடம், நிறுத்துங்க! காலையிலிருந்து விதிமீறல் நடக்குது. பின்னாடி பட்டா அடிச்சவர் அவுட். நாங்க விதிப்படி வந்திருக்கோம்."

"அப்படி ஒரு விதி இல்லையே சார்" என்றார் அவர் பொறுமையாக.

"இல்லையா? பாண்டி, என் பைய எடு!"

பழுப்பு அட்டை வெளியே வந்தது. அணிகள் இரண்டும் கூடிவிட்டன. நடுநாயகமாக நின்று, தொண்டையைச் செருமி, புத்தகத்தை வாழ்க்கையில் முதல்முறையாகத் திறந்தேன். பொருளடக்கத்தில் விரலை ஓட்டிப் பக்கத்தைக் கண்டுபிடித்து, சபை அதிர வாசித்தேன். "முன்சுவரில் பட்ட பந்து, அதன் பின்னர் பக்கச் சுவர்களிலோ பின்சுவரிலோ பட்டாலும்..."

அடுத்த இரண்டு வார்த்தைகளைக் கண் பார்த்துவிட்டது. வாய் மறுத்தது.

"சத்தமா வாசிங்க சார், மேல கேக்கல" என்றார் நடுவர்.

"ஆட்டம் தொடரும்" என்றேன். அந்த வயதில் எனக்கு அவ்வளவு மெல்லிய குரல் இருந்தது எனக்கே தெரியாது. மதுரைப் பையன்கள் நல்லவர்கள், வேறு பக்கம் திரும்பிக்கொண்டு சிரித்தார்கள். தரை பிளந்து என்னை விழுங்கினால் தேவலை என்றிருந்தது.

அப்போது மாடத்திலிருந்து என் பெயரைக் கூப்பிட்டு ஒரு குரல். "ஏலே சவரி! அப்ப செவத்துல பட்டாலும் பந்துக்கு உசுரு இருக்காலே?"

"இருக்கு மாமா."

"பெறகென்ன பேச்சு? திரும்பி நின்னு அடிலே!"

அடித்தேன். முதல் பந்து சுவரில் பட்டுத் திரும்பி என் வயிற்றிலேயே குத்தியது. இரண்டாவது என் காதோரம் போனது. மூன்றாவதை ஓடிப்போய்ப் பின்சுவரோரம் பிடித்து, இரண்டு வருஷமாக அடிக்காமல் சேர்த்து வைத்திருந்த அத்தனை பலத்தையும் போட்டு விளாசினேன். டமார்! அந்தச் சத்தத்தைக் கேட்ட சந்தோஷத்தை இன்றைக்கும் சொல்லி முடியாது. போய்விட்டது என்று நினைத்த பந்தெல்லாம் திரும்பித் திரும்பி வந்தது. சிக்கந்தரும் பாண்டியும் மேலே மாடத்தில் நின்று குதித்தார்கள். மாமா திராட்சையை நடுவருக்கே ஊட்டிவிடுவார்போல எழுந்து நின்று கத்தினார். ஆறு பாயிண்ட் எடுத்தேன். ஏழாவது எடுப்பதற்குள் அந்தப் பையன் ஒன்பதை முடித்துவிட்டான்.

ஆகமொத்தம் ஒன்பது கேமும் தோல்வி. கிடங்கும் போச்சு.

திரும்பும் பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டும்வரை மாமா பெட்டியில் மிச்சமிருந்த திராட்சையைத் தின்றுகொண்டு வந்தார். பிறகு ஜன்னலைப் பார்த்தபடியே கேட்டார். "மூணு பேரும் இம்புட்டுத் தூரம் வந்து தோத்தது என் மத்தியானத் தூக்கத்துக்காகவாலே?"

அடுத்த ஞாயிறு மட்டைகளை எடுத்துப்போகக் கிடங்குக்குப் போனோம். வாசலில் புளி மூட்டை இல்லை, செங்கல் குவிந்திருந்தது. ஷட்டரைக் கழற்றிச் சாய்த்து வைத்திருந்தார்கள். அந்த இடத்தில் சுவர் எழுப்பக் கொத்தனார் கலவை போட்டுக்கொண்டிருந்தார். ஓர் ஆள் குனிந்து நுழைகிற அளவுக்கு ஒரு கதவுதான் விடப்போகிறார்கள். இனி அந்தக் கிடங்குக்குள் ஒரு மூட்டையைக்கூடக் கொண்டுபோக முடியாது.

"புளிக்கு வேற எடம் பாத்துக்கிட்டேன்" என்றார் மாமா. "பின்னாடி அவுட்டுக் கோடு எம்புட்டு ஒசரத்துல போடணும்?"

அந்த ஒரு வாரத்தில் பதினாறு பக்கத்தையும் நான்கு தடவை படித்திருந்தேன். "ஏழடி மாமா" என்றேன் டக்கென்று.

"மனசுலருந்து சொல்லாத. வாசிச்சுக் காட்டு."

கொத்தனார், சித்தாள், கூட்டாளிகள் எல்லார் முன்னாலும் வாசித்துக் காட்டினேன். ஏழடிதான்.

அந்தச் சுவர் இன்னும் நிற்கிறது. மாமாவின் அந்த வார்த்தையும் நிற்கிறது. சிக்கந்தர் என் கல்யாணத்துக்கு வந்த இடத்தில் எல்லாவற்றையும் போட்டு உடைத்துவிட்டான். நான் அடித்துப் பேச ஆரம்பித்தாலே போதும், மாத்திரை சாப்பாட்டுக்கு முன்பா பின்பா என்பதில் தொடங்கி மகளின் பரீட்சைத் தேதி வரை, வீட்டில் யாராவது ஒருவர் காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டுவார்கள்.

"வாசிச்சுக் காட்டுங்கப்பா."

கண்ணாடியை மாட்டிக்கொண்டு வாசிப்பேன். பாதியிலேயே குரல் இறங்கிவிடும். உடனே அடுக்களையிலிருந்து என் மனைவி சொல்வாள்: "சத்தமா, இங்கன கேக்கல!"